மூளைக்குள் கருவி வைக்கும் ஆய்வு: தம்பியைச் சேர்க்கலாமா?

மல்லிகா_செங்காங் | ஞாயிறு, இரவு 10.15

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 33 வயது. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். இங்கே சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவையில் இருந்தபோதே தொடங்கிவிட்டது. நாங்கள் அவனை "சுத்தக்காரன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவனுக்கு 28. அத்தனை வருடம் வீணாகப் போனதற்கு நானும் ஒரு காரணம்.

ஒரு முறை கை கழுவ 40 நிமிடம் ஆகிறது. குழாயை முழங்கையால் மூடுவான். முழங்கை பட்ட இடம் சரியில்லை என்று தோன்றினால் மறுபடி முதலிலிருந்து. விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய், சோறு பிசைந்தால் ரசத்தின் புளிப்பு பட்டு எரிகிறது என்று கரண்டியில்தான் சாப்பிடுகிறான். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் சமையலறைத் தொட்டி ஒன்றுதான். அரிசி களைந்து வைக்க அம்மா கையில் சட்டியோடு அவன் பின்னால் நிற்பார்.

மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையில் மூன்று வகை, அப்புறம் குளோமிப்ரமின் என்ற பழைய மாத்திரை, அதோடு கூட இன்னொன்று, எல்லாம் பார்த்தாகிவிட்டது. பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழக்கும் இஆர்பி பயிற்சிக்கு இரண்டு முறை போனான். இரண்டாவது முறை பாதியில் நிறுத்திவிட்டான்.

போன மாதம் டாக்டர் பேச்சோடு பேச்சாக "மூளையில் மின்முனை வைத்துத் தூண்டுகிற சிகிச்சையும் இருக்கிறது" என்று சொன்னார். அவ்வளவுதான். தம்பி இரவெல்லாம் தேடி, வெளிநாட்டில் நடக்கும் ஓர் ஆய்வைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டான். அவர்களும் 23 பக்கத் தகவல் தாள் அனுப்பிவிட்டார்கள். அம்மா "மண்டையைத் தொறக்க விடமாட்டேன்" என்கிறார். அப்பா இல்லை. முடிவெடுக்க நானும் அவனும்தான். என்ன கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ரவி_பெடோக் | ஞாயிறு, இரவு 10.52

தங்கச்சி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். வேண்டாம்.

என் அத்தை 20 வருடத்துக்கு மேல் உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனையில் இருந்தார். அந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்துவார்கள். அதனால் இந்த விஷயங்களை நான் நிறைய படித்திருக்கிறேன். மூளையின் முன்பக்க நரம்புப் பாதைகளை வெட்டும் அறுவையைக் கொண்டுவந்த போர்ச்சுகல் டாக்டர் எகாஸ் மோனிஸுக்கு 1949ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். மின்முனையும் புதிதல்ல. 1950களில் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீத் மனநோயாளிகளின் மூளையில் மின்முனை வைத்தார். பிறகு ஓரினச்சேர்க்கையாளர் ஒருவரை "மாற்றுவதற்கும்" அதையே பயன்படுத்தினார். அன்றைக்கும் எல்லோரும் விஞ்ஞானம் என்றுதான் சொன்னார்கள்.

வேதனையில் இருப்பவன் எதற்கும் சரி என்பான். அதுதான் எனக்குப் பயம்.

சாந்தி_தியேட்டர்நர்ஸ் | திங்கள், காலை 6.20

இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். ரவி அண்ணன் சொன்ன வரலாறு உண்மைதான், ஆனால் மல்லிகா கேட்பது அந்த அறுவை இல்லை. அதில் வெட்டினால் வெட்டியதுதான். இதில் கருவியை நிறுத்தலாம், மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாம் என்றால் எடுத்தும் விடலாம். டிபிஎஸ் என்று சொல்வோம். தமிழில் ஆழ்மூளைத் தூண்டல் என்று எழுதுகிறார்கள்.

1987ல் பிரான்சில் கிரெனோபிள் நகரில் பெனாபிட், பொல்லாக் என்ற இரண்டு டாக்டர்கள் கைநடுக்கத்துக்கு இதைச் செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் 1997ல் நடுக்கத்துக்கும் 2002ல் கைகால் நடுங்கி உடல் விறைக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. மண்டையில் இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, நுனியில் மின்முனை உள்ள, 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை உள்ளே இறக்குவார்கள். அது தோலுக்கு அடியில் காதின் பின்புறமாகக் கழுத்து வழியே இறங்கி, காறை எலும்புக்குக் கீழே வைக்கும் பேட்டரிப் பெட்டியில் சேரும்.

நான் நின்ற பார்க்கின்சன் அறுவை ஒன்றைச் சொல்கிறேன். நோயாளி விழித்திருந்தார், தலை மட்டும் சட்டகத்தில் இறுக்கியிருந்தது. டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார். கோடு நூல் சிக்கல் மாதிரி வந்தது. மின்னோட்டம் கொடுத்த பிறகு அதே காகிதத்தில் பக்கத்திலேயே இன்னொரு சுருள் வரைந்தார். நல்ல வட்டம். பேனாவை என்னிடம் நீட்டினார். கை ஆடவில்லை. இன்றைக்கும் அந்தக் காகிதம் என் கண்ணில் நிற்கிறது.

ஓசிடிக்கான அறுவையில் நான் நின்றதில்லை. அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சேகர்_தோபாயோ | திங்கள், மதியம் 1.05

அப்பாவுக்குப் பார்க்கின்சன். ஆறு வருடத்துக்கு முன் டிபிஎஸ் வைத்தோம். இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

நல்லது: கோப்பிக்கடையில் பீங்கான் கோப்பையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தானே மேசைக்கு வருகிறார். முன்பு கோப்பியைப் பையில் கட்டி உறிஞ்சுகுழல் போட்டுத்தான் குடிப்பார். மாத்திரையும் பாதியாகக் குறைந்தது. ரீசார்ஜ் செய்கிற பேட்டரி என்பதால் வாரத்துக்கு இரண்டு முறை தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு வசந்தம் ஒளிவழியில் செய்தி பார்ப்பார், செய்தி முடியும்போது சார்ஜும் ஏறியிருக்கும்.

கெட்டது: குரல் தாழ்ந்துவிட்டது. போனில் அவர் பேசுவது அக்காவுக்குக் கேட்பதில்லை. அப்புறம், முதல் வருடம் ஒரு சம்பவம். வாழ்நாளில் லாட்டரிச் சீட்டைத் தொடாத மனிதர் தினமும் 4டி வாங்க ஆரம்பித்தார். அலமாரித் துணிக்கு அடியில் கட்டுக்கட்டாகச் சீட்டு. நாங்கள் அவரைத் திட்டினோம். பிறகுதான் தெரிந்தது, மின்முனை இருக்கும் இடத்தையும் அளவையும் பொறுத்து இப்படி ஆகலாம், மாத்திரையாலும் ஆகலாம் என்று. அளவை மாற்றி, மாத்திரையையும் குறைத்த பிறகு இரண்டு மாதத்தில் நின்றுபோனது. அறுவைக்கு முன் எங்களிடம் ஒருவர் இதை உட்கார்த்திவைத்துச் சொல்லியிருந்தால் அப்பாவை அப்படிப் பேசியிருக்கமாட்டோம். அவர் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

மல்லிகா, கருவி வைப்பது ஒரு நாள் வேலை. அளவைச் சரிசெய்ய மாதக்கணக்கில் போய்வர வேண்டும். வெளிநாட்டில் வைத்தால் அதற்கு யார்?

மல்லிகா_செங்காங் | திங்கள், மாலை 7.30

சேகர் அண்ணன், நன்றி. இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

ஓசிடிக்கும் இப்படி உடனே தெரியுமா? தம்பி அந்தத் தாளில் "60 சதவீதம்" என்ற எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறான்.

மதி_ஆய்வுப்பணி | திங்கள், இரவு 11.48

நான் இங்கே ஒன்பது வருடம் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஒப்புதல் படிவத்தை நோயாளியோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படிப்பதுதான் என் வேலை. அதனால் அந்த 60ஐ முதலில் பிரித்துக் காட்டுகிறேன்.

ஓசிடியின் கடுமையை 40 மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோலில் போடுவார்கள். அதில் 35 சதவீதம் குறைந்தால் "பலன் கண்டவர்" என்று கணக்கு. தம்பி 32லிருந்து 20க்கு இறங்கினால் அவனும் அந்த 60ல் ஒருவன். ஆனால் 20 என்பதும் நோய்தான், மிதமான நோய். குணமானவர்கள் 60 சதவீதம் என்று அவன் படித்திருந்தால் அதைத் திருத்துங்கள். அதே நேரம் 32க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் சின்னதும் அல்ல. வேலைக்குப் போகலாம், அம்மாவை நிற்கவைக்காமல் கை கழுவலாம்.

ஓசிடிக்கு டிபிஎஸ்ஸை முதலில் செய்தது பெல்ஜியத்தில், பார்ட் நுட்டின் குழு. 1999ல் லான்செட் மருத்துவ இதழில் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 2010ல் ஆம்ஸ்டர்டாமில் டேமியன் டெனிஸ் குழு 16 பேருக்கு வைத்தது. 8 மாதத்தில் 9 பேருக்கு நல்ல குறைவு. லேசான மறதியும் சொல் தடுமாற்றமும் சிலருக்கு வந்தன. அவர்கள் கருவியோடு பயிற்சியையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஆகவே கருவி வைத்த பிறகும் இஆர்பி உண்டு. தம்பி பாதியில் விட்ட அதே பயிற்சி.

அமெரிக்காவில் 2009ல் ஓசிடிக்குக் கிடைத்த அனுமதியும் பார்க்கின்சனுக்குக் கிடைத்தது போன்றதல்ல. குறைவான பேருக்கு வரும் நிலைகளுக்கென்று ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். அதில் பலன் முழுமையாக நிரூபணமாகியிருக்க வேண்டியதில்லை, பாதுகாப்பும் பலன் இருக்கக்கூடும் என்பதும் போதும்.

மனச்சோர்வுக்கான ஆய்வின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள், அதில்தான் பெரிய பாடம் இருக்கிறது. 2005ல் டொரொன்டோவில் ஹெலன் மேபர்க், ஆன்ட்ரஸ் லொசானோ இருவரும் 6 பேருக்கு வைத்தார்கள், 4 பேர் தேறினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஒரு கம்பெனி 90 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தியது. எல்லோருக்கும் மண்டையில் துளை போட்டுக் கருவி வைத்தாகிவிட்டது. 60 பேருக்கு அதை ஓடவிட்டார்கள், 30 பேருக்கு ஓடவிடவில்லை. யாருக்கு ஓடுகிறது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஓடியவர்களில் 20 சதவீதம் பேருக்குப் பலன், ஓடாதவர்களில் 17 சதவீதம் பேருக்கு. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கருவியோடு தொடர்ந்து இருந்தவர்களை இரண்டு ஆண்டு முடிவில் பார்த்தபோது கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறியிருந்தார்கள். ஆறு மாதம் என்ற கெடு தவறா, இடம் தவறா என்று இன்னும் பேசுகிறார்கள். 2023ல் 10 பேரை வைத்து நடந்த ஆய்வில் 9 பேருக்குப் பலன் தெரிந்தது. ஒருவர் தேறிவிட்டாரா என்பதை மூளையிலிருந்து பதிவாகும் மின்குறியிலேயே அதில் பார்க்க முடிந்தது.

ஆகவே முதல் கேள்வி: தம்பி சேரும் ஆய்வில் "ஓடவிடாத" காலம் உண்டா, எத்தனை மாதம்? அறுவையிலிருந்து எழுந்து, காயமும் ஆறி, ஒன்றுமே மாறாமல் அவன் அந்த மாதங்களைக் கடக்க நேரலாம். அந்த நாட்களில் யார் பக்கத்தில் இருப்பீர்கள்?

இரண்டாவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆய்வு முடிந்த மறுநாள் என்ன?

நான் வேலை செய்த ஆய்வுகளில் ஒன்று முதுகுத்தண்டில் வலிக்கு வைக்கும் கருவி. ஆய்வு முடிந்து, நாங்கள் கோப்பை மூடிவிட்டோம். இரண்டு வருடம் கழித்து ஒரு பெரியவர் கருவியின் ரிமோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மூடி உடைந்து ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. "இந்த நம்பர்ல யாருமே எடுக்கலம்மா" என்று அட்டையைக் காட்டினார். அது எங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த எண். கம்பெனி அந்த மாடலை விட்டுவிட்டிருந்தது. வேறு ரிமோட் கிடைக்கவில்லை. படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். எல்லாப் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். இந்த ஒன்றைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இது எங்கோ ஒருவருக்கு நடந்தது என்று நினைக்காதீர்கள். மெல்பர்னில் வலிப்பு வருவதை முன்கூட்டியே சொல்லும் மூளைக் கருவியை 15 பேருக்கு வைத்தார்கள். நீலம், வெள்ளை, சிவப்பு என்று விளக்கு எரியும். 2013ல் அதற்கான ஆய்வறிக்கை வந்தது, கம்பெனியிடம் பணம் தீர்ந்தது, கருவிகளை எடுத்துவிட்டார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பெண்மணி கேட்டாராம். முடியவில்லை. கொத்துத் தலைவலி என்ற கடுமையான ஒருபக்கத் தலைவலிக்கு முகத்தின் உள்ளே வைக்கும் கருவியைச் செய்த கம்பெனி 2019ல் மூடியது. அதை வைத்துக்கொண்டவர்கள் 700 பேருக்கும் மேல்.

ஓசிடிக்கு மின்னோட்டம் அதிகம் தேவைப்படும். ரீசார்ஜ் இல்லாத பேட்டரி சிலருக்கு ஒன்றிரண்டு ஆண்டிலேயே தீர்ந்துவிடுகிறது. தீர்ந்தால் நோய் சில நாட்களிலேயே திரும்பலாம், மனமும் சேர்ந்து சரியலாம்.

மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறை ஹெல்சிங்கிப் பிரகடனம்; அதன் 2013 திருத்தத்தில் 34ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஆய்வு தொடங்கும் முன்பே, முடிந்த பிறகு பங்கேற்பாளருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அதை ஒப்புதலின்போதே சொல்ல வேண்டும். ஆகவே கேட்பது உங்கள் உரிமை. வாயால் வரும் பதிலை வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

ஜேசன்_புங்கோல் | செவ்வாய், காலை 8.10

நியூராலிங்க் கம்பெனிக்காரர்கள் மூளைக் கருவியை இப்போது மனிதர்களுக்கே வைத்துவிட்டார்களே, 2024 ஜனவரியிலேயே. இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் இதைவிட நல்லது வராதா?

சாந்தி_தியேட்டர்நர்ஸ் | செவ்வாய், காலை 8.45

ஜேசன் தம்பி, அது வேறு வேலை செய்கிற கருவி. கைகால் அசையாதவர் நினைப்பதைப் படித்துக் கணினிச் சுட்டியை நகர்த்துவது. முதல் நோயாளிக்கு வைத்த மெல்லிழைகளில் 85 சதவீதம் சில வாரத்திலேயே இடம் விலகிவிட்டன, மென்பொருளை மாற்றித்தான் சமாளித்தார்கள். மல்லிகாவின் தம்பிக்கு வேண்டியது தூண்டுகிற கருவி. அதிலும் புதிது வருகிறது. மூளையின் குறியைப் படித்துத் தானே அளவை மாற்றிக்கொள்ளும் டிபிஎஸ்ஸுக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், பார்க்கின்சனுக்கு.

ரவி_பெடோக் | செவ்வாய், இரவு 9.05

மதியின் பதிவை இரண்டு முறை படித்தேன். என் பயம் போகவில்லை, ஆனால் திசை மாறியிருக்கிறது. அறுவையைவிடக் கைவிடப்படுவதுதான் பெரிய பயம் என்று இப்போது தோன்றுகிறது. என் அத்தைக்கும் அதுதான் நடந்தது. சிகிச்சை கொடுத்தார்கள். போய்ப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

ஒரு சந்தேகம். இங்கே நடந்தால் சட்டம் காப்பாற்றும், வெளிநாடு என்றால்?

மதி_ஆய்வுப்பணி | செவ்வாய், இரவு 10.30

சரியான கேள்வி, அண்ணன். இங்கே நடக்கும் ஆய்வுகளுக்கு 2015ல் வந்த மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருக்கிறது. ஒப்புதல் எழுத்தில் வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வெளிநாட்டு ஆய்வுக்கு அந்த நாட்டுச் சட்டம்தான். திரும்பி வந்தபின் இங்குள்ள டாக்டர் அந்த மாடலின் அளவை மாற்றும் புரோகிராமர் கருவியை வைத்திருப்பாரா என்பதைப் போவதற்கு முன்பே அவரிடமே கேட்க வேண்டும்.

விலகலாம் என்ற சொல்லையும் கவனியுங்கள். மாத்திரை ஆய்விலிருந்து விலகினால் மாத்திரையை நிறுத்தினால் போதும். இதில் விலகினாலும் கருவி உள்ளேதான் இருக்கும். எடுப்பதற்கு இன்னோர் அறுவை, அந்தச் செலவு யாருடையது?

செங்காங்_தம்பி | புதன், பின்னிரவு 2.20

நான்தான் அந்தத் தம்பி. அக்கா காட்டினாள். எல்லாவற்றையும் படித்தேன்.

ரவி அண்ணன், வேதனையில் இருப்பவன் எதற்கும் சரி என்பான் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அந்த அறுவையைப் பற்றிய பயம் வேறு. அந்தத் தாளில் 14ஆம் பக்கத்தில் "தொற்று" என்று ஒரு பத்தி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒன்றரை மணிநேரம் கழுவினேன். என் நோயே தொற்றைப் பற்றியது. தலையிலும் மார்பிலும் தையல் போட்டு, பத்து நாள் தண்ணீர் படக்கூடாது என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? 23 பக்கத்தில் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

60 சதவீதத்துக்கு நான் வட்டம் போட்டது நம்பிக்கையால் அல்ல. மீதி 40 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டும் என்பதற்காக.

மதி_ஆய்வுப்பணி | புதன், காலை 7.00

தம்பி, ஒன்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி இது. மழுப்பாமல் சொல்கிறேன். தொற்று 100ல் சிலருக்கு வரத்தான் செய்கிறது, வந்தால் சில நேரம் கருவியையே எடுக்க வேண்டியிருக்கும். மூளையில் ரத்தக்கசிவு 100ல் ஒன்றிரண்டு பேருக்கு. அசுத்த பயம் உள்ளவருக்குக் காயம் ஆறும் இரண்டு வாரத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். கட்டை யார் மாற்றுவது, கழுவத் தோன்றும்போது யாரை அழைப்பது, பயிற்சியாளர் அறுவைக்கு முன்பே உங்களோடு பழகத் தொடங்குவாரா, இதெல்லாம். அப்படித் திட்டம் இல்லை என்று அவர்கள் சொன்னால், ஓசிடி நோயாளியோடு அவர்கள் எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பலன் இல்லாதவர்களைப் பற்றியும் கேளுங்கள். அவர்கள் கருவியோடு இருக்கிறார்களா, எடுத்தார்களா, இப்போது யாரிடம் காட்டுகிறார்கள் என்று.

சேகர்_தோபாயோ | புதன், காலை 7.40

தம்பி, எங்கள் அப்பா உன்னிடம் பேசத் தயார் என்கிறார். குரல் மெதுவாக இருக்கும், நேரில்தான் பேச முடியும். தோ பாயோ நூலகத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடை, எந்தக் காலையும். மேசையைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன்.

செங்காங்_தம்பி | அடுத்த திங்கள், இரவு 11.10

வெள்ளிக்கிழமை போனேன். எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நின்றபடியே போனேன். தாத்தா சட்டைப் பித்தானைக் கழற்றி மார்பில் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டினார். தோலுக்கு அடியில் தீப்பெட்டி வைத்த மாதிரி புடைப்பு. தொட்டுப் பார்க்கிறாயா என்றார். தொட்டேன். திரும்பி வந்து கழுவினேன், 25 நிமிடம்.

ஆய்வுக் குழுவுக்கு ஐந்து கேள்வி அனுப்பினேன். ஓடவிடாத காலம் மூன்று மாதம் என்று பதில் வந்திருக்கிறது. ஆய்வு நடக்கும் மூன்று ஆண்டுக்கு பேட்டரி அவர்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு "உள்ளூர் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யப்படும்" என்று ஒரே வரி. யார் செய்வது, யார் பணம் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். காயம் ஆறும் காலத்துக்கான திட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை.

அதுவரை இங்குள்ள டாக்டரிடம் இஆர்பியை மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறேன். இந்த முறை வாரம் ஒன்று இல்லை, தினமும். அடுத்த மாதம் 14ஆம் தேதி முதல் நாள். தாத்தாவின் கோப்பிக்கடை மேசையிலிருந்து தொடங்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்கப்போகிறேன்.

குழுவிடமிருந்து பதில் வந்தால் வந்தபடியே இங்கே போடுகிறேன், மதி அக்கா.